உயிரோடு இருந்தவருக்கு அடித்த மணி

எங்கள் ஊர் வேதக்கோயிலில் மணி அடிப்பது நான்தான். கோயில்பிள்ளை வேலை என் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. ஆனால் அவர் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். குறுவை அறுப்பு வந்துவிட்டால் ஒரத்தநாடு, மன்னார்குடி என்று மெஷினோடு போய்விடுவார். அதனால் கோயிலைக் கூட்டுவது, ஜன்னல் துடைப்பது, திருவிருந்துப் பாத்திரங்களைக் கழுவி வைப்பது, மணி அடிப்பது எல்லாம் என் கைக்கு வந்து சேர்ந்தன. நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. ஆள் இல்லாத கோயிலில் வேலை செய்வது எனக்குப் பிடித்திருந்தது. மணி அடிப்பதும் பிடித்திருந்தது. சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும், அடிக்கிறவளை யாரும் பார்க்க வேண்டியதில்லை.

பக்கத்து ஊர்களில் இப்போது மணிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு இன்னும் கயிறுதான். கோயில் ஒரு மேட்டில் இருக்கிறது. மணிக்கூண்டு வெளியே தனியாக நிற்கும். அதன் அடியில் நின்று கயிற்றைப் பிடித்தால் ஒரு பக்கம் தெரு முழுவதும் தெரியும். இன்னொரு பக்கம் வாய்க்கால் வரைக்கும் வயல். ஆராதனைக்கு அடிப்பது வேகமாக, விடாமல். சாவுக்கு ஒவ்வோர் அடியாக. அந்தச் சத்தம் முழுவதும் அடங்கின பிறகுதான் அடுத்த அடி. அதைக் கேட்டால் கிறிஸ்தவர், இந்து என்றில்லை, ஊரே கைவேலையை நிறுத்திவிட்டு ‘யாரு’ என்று கேட்கும்.

சாவு மணிக்கு ஒரு முறை உண்டு. இறந்தவர் வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்து சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கயிற்றைத் தொடலாம். நான் அந்த முறையைத் தவறாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்காகவே ஒரு தடவை திட்டும் வாங்கினேன்.

திட்டியவர் எங்கள் சபையில் ரொம்ப நாள் மூப்பராக இருந்தவர். என் வீட்டுக்காரர் வழியில் எனக்கு மாமா முறை. எழுபது வயதுக்கு மேல். நிலம் உள்ளவர், கனமான குரல். அவர் கோயிலில் ‘ஆமென்’ சொன்னால் கடைசி வரிசையில் தூங்குகிற பிள்ளைகள் விழித்துக்கொள்ளும். அவருடைய தங்கை ஒரு விடியற்காலையில் இறந்துபோனார். அழுகையிலும் அலைச்சலிலும் மத்தியானம் வரைக்கும் யாரும் கோயிலுக்கு வந்து சொல்லவில்லை. நானும் முறைப்படி காத்திருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் படியில் எல்லோரும் நிற்கும்போது அவர் என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, என் தங்கச்சி கோழி கூவுறதுக்கு முன்னாடியே போயிட்டா. நீ மணி அடிக்கையில சூரியன் உச்சிக்கு வந்துட்டு. உனக்குன்னு தனியா பத்திரிகை வச்சு அழைக்கணுமா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ‘யாரும் வந்து சொல்லலைங்க மாமா’ என்ற நாலு வார்த்தை வெளியே வரவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அந்த நாலு வார்த்தையையும் சுவரிடம் சொன்னேன்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து அவரே படுத்துவிட்டார். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். மருமகள்தான் ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தாள். ‘டாக்டருங்க கையை விரிச்சிட்டாங்களாம்’ என்று தெருக்குழாயடியில் பேசிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் கையை விரித்துவிட்டால் ஆளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். மூச்சு வீட்டில் போக வேண்டும் என்பது எல்லோருடைய ஆசை.

ஆவணி மாதம். நான் கோயில் ஜன்னல்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் ஒன்று சைரன் போடாமல் மெதுவாகத் தெருவுக்குள் வந்து அவர் வீட்டு வாசலில் நின்றது. பெண்கள் அழுகிற சத்தம் எழும்பியது. ஸ்டிரெச்சரை இறக்கினார்கள். துணி முகம் வரைக்கும் மூடியிருந்தது. வெயில் கண்ணில் அடிக்கிறதே என்று மருமகள் அதை இழுத்துவிட்டிருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு மணிக்கூண்டுக்கு வந்து நின்றேன். யாராவது மேட்டில் ஏறி வருகிறார்களா என்று பார்த்தேன். வரவில்லை. போய்க் கேட்கலாம். பத்து வீடு தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் வாசல் நிறைய ஆள். அத்தனை பேர் நடுவில் போய் நின்று என்னவென்று கேட்பது? ‘போயிட்டாரா?’ என்றா? அந்தக் கேள்வி என் வாயில் எப்படி வரும்? அதே நேரத்தில், பத்திரிகை வைத்து அழைக்க வேண்டுமா என்று அவர் கேட்ட குரல் காதில் கேட்டது. இந்த முறையும் தாமதம் என்று பேச்சு வரக் கூடாது. அழுகை இன்னும் ஏறியது. நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

முதல் அடியிலேயே ஊர் நின்றது. வயலில் மெஷினை நிறுத்தினார்கள். வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மேட்டுக்கு நேர் கீழே நாற்றங்காலில் நின்றிருந்தவர் மண்வெட்டியை விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். தெருவில் கதவுகள் திறந்தன. நான் சத்தம் அடங்கக் காத்திருந்து மறுபடி இழுத்தேன். தாமதமில்லாமல், ஒழுங்காக அடிக்கிறேன் என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மருமகள் செருப்பில்லாமல் மேட்டில் ஓடி வந்தாள்.

“அக்கா, விடுங்க அக்கா, விடுங்க. மாமா உசுரோட இருக்காங்க.”

கயிறு கையிலிருந்து நழுவியது. கடைசி அடியின் சத்தம் இன்னும் அடங்கவில்லை. அதை எப்படியாவது பிடித்து நிறுத்த முடியாதா என்று மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். அது என் பேச்சைக் கேட்காமல் வாய்க்கால் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அதற்குள் ஊர் அந்த வீட்டு வாசலில் கூடிவிட்டது. தோளில் துண்டோடு வந்தார்கள். ஒருவர் மாலைக்குப் போனில் சொல்லிவிட்டே வந்தாராம். உள்ளே கட்டிலில் படுத்திருந்தவர் கண் திறந்து, “யாருக்கு மணி?” என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். பதில் வெளியிலிருந்து வந்தது. வாசலில் புதிதாக வந்த யாரோ, “எப்ப போனாரு?” என்று உரக்கக் கேட்டாராம். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் சாப்பிடவில்லை. டாக்டர் கஞ்சி கொடுக்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார். மருமகள் என்னிடம் கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னாள்.

“ஸ்பூனைக் கிட்ட கொண்டு போனா உதட்டை இறுக்கிக்கிறாங்க அக்கா. ரெண்டு வாய் தண்ணிதான். ஏன் மாமான்னு கேட்டா, ‘அதான் மணி அடிச்சாச்சே’ங்கறாங்க.”

மனிதர் தானாகப் போனால் அது கர்த்தர் சித்தம். சாப்பிடாமல் போனால் நான் கொன்றதாகும். யாரும் என் மேல் கை வைக்க மாட்டார்கள், போலீஸ் வராது. ஆனால் நான் கொன்றதாகும். அவர் போன பிறகு அதே கயிற்றைப் பிடித்து அதே மணியை நான்தான் மறுபடியும் அடிக்க வேண்டும்.

பயம் என்றால் இருட்டில் வருவது என்று நினைத்திருந்தேன். இது பட்டப்பகலில், பாத்திரம் கழுவுகிறபோது வந்தது. தெருவில் யாராவது வேகமாக நடந்தால் சொல்ல வருகிறார்கள் என்று கை நின்றுவிடும். போன் அடித்தால் எடுக்க மாட்டேன். விடியற்காலையில் எழுந்ததும் முதலில் அந்த வீட்டுப் பக்கம் காதைக் கொடுப்பேன். அழுகை கேட்காவிட்டால் மூச்சு வரும். ஒரு நாள் அங்கே கன்றுக்குட்டி கத்தியதை அழுகை என்று நினைத்து, கோலப்பொடி டப்பாவோடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மணி அடிக்க வேண்டும். அந்தச் சத்தமும் அவர் கட்டிலுக்குக் கேட்குமே. நான் ஏணி வைத்து ஏறி மணியின் நாக்கில் பழைய துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டினேன். அடித்தபோது, மெத்தையில் அடித்த மாதிரி தொப்பென்று கேட்டது. பாதிச் சபை முதல் பாட்டு முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது.

“என்ன, மணிக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?” என்றார் ஒருவர் படியில்.

“போன வாரம் ரொம்பக் கத்திடுச்சுல்ல, அதான்” என்றார் இன்னொருவர்.

அன்று திருவிருந்து ஆராதனை. அப்பத்தையும் திராட்சரசத்தையும் மேஜையில் எடுத்து வைத்தவளே நான்தான். ஆனால் எல்லோரும் எழுந்து போனபோது நான் எழவில்லை. அபாத்திரமாக, தகுதியில்லாமல் அந்த மேஜைக்குப் போகிறவர்களுக்கு என்ன வரும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் சபையில் ஒருவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள். அந்தப் பார்வை முதுகில் ஊர்ந்தது.

ஆராதனை முடிந்து பாத்திரம் கழுவுகிற இடத்தில் போதகரிடம் சொன்னேன். இளவயதுக்காரர், நல்ல மனிதர். “தெரியாமப் பண்ணினதும்மா. கர்த்தர் மன்னிச்சிட்டார், விட்டுடுங்க” என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அது எனக்குள் இறங்கவில்லை. கர்த்தர் மன்னித்திருக்கலாம், கட்டிலில் கிடப்பவர் இன்னும் வாயை மூடிக்கொண்டுதானே இருக்கிறார்?

அந்த வாரத்தில்தான் நானும் சாப்பாட்டை நிறுத்தினேன். ‘அவர் சாப்பிடும் வரைக்கும் நானும் சாப்பிட மாட்டேன் ஆண்டவரே’ என்று ஒரு பொருத்தனை மாதிரி. யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீரும் நீராகாரமும் மட்டும். வீட்டுக்காரர் மெஷின் வேலையிலிருந்து திரும்பி வந்து, சோற்றுப் பானை நிறைந்திருப்பதையும் என் முகத்தையும் பார்த்தார். கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டார்.

“சரி. அவரு சாப்பிடாம அவரும் போயி, நீ சாப்பிடாம நீயும் போனா ரெண்டு சாவு மணி. அதை யாரு அடிக்கிறது, நானா? எனக்குத் தோள்பட்டை வலி வேற” என்றார். சிரிக்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு, ஏணியை எடுத்துக்கொண்டு போய் மணியில் நான் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். திரும்பி வந்தபோது தட்டு அப்படியே இருந்தது.

“போய் அவரைப் பார்த்துட்டு வந்துடு” என்றார்.

“என்னைப் பார்த்தா இன்னும் பயந்துடுவாருங்க.”

“அவரா பயப்படுறாரு?”

நான் போகவில்லை.

அடுத்த நாள் இன்னொரு செய்தி வந்தது. போதகர் திருவிருந்தை அவர் வீட்டுக்கே கொண்டு போயிருக்கிறார். அவர் வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாராம். அதை மருமகள்தான் வந்து சொன்னாள். அவரால் என்னை மன்னிக்க முடியவில்லை, மன்னிக்காததால் அப்பத்தை எடுக்க முடியவில்லை என்று நான் புரிந்துகொண்டேன். அதுவரைக்கும் அவர் உயிர் மட்டும்தான் என் தலையில் இருந்தது. இப்போது ஆத்துமாவும் சேர்ந்துவிட்டது.

அன்று மத்தியானம் அந்தப் பத்து வீட்டையும் தாண்டிப் போனேன். மருமகள் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். “முழிச்சுத்தான் இருக்காங்க, போங்க அக்கா” என்றாள். அறை வாசலில் நின்றேன். அவ்வளவு பெரிய ஆள் கட்டிலில் பாதியாகக் கிடந்தார். மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“யாரு?”

“நான்தான் மாமா.”

“மணியா?”

“ஆமாங்க.”

“இன்னிக்கு யாருக்கு?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாள் சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் ஒன்றாக வந்தது.

“மாமா, என்னை மன்னிச்சிடுங்க. யாரும் சொல்லாம அடிச்சிட்டேன். என்னாலதான் நீங்க சாப்பிடாமக் கெடக்குறீங்க. என்னாலதான் அப்பம் கூட வேணாம்னுட்டீங்க. நீங்க போயிட்டா அந்தப் பாவம் எனக்குத்தான் மாமா. நான்தான் உங்களைக் கொன்னவ.”

அவர் தலையை மெதுவாக என் பக்கம் திருப்பினார்.

“உன்னாலயா?” என்றார்.

“ஆமாங்க.”

“நீ அடிச்சா நான் செத்துடணுமா? இத்தனை வருஷமா இந்த மூச்சைக் கொடுத்து வச்சிருக்கவரு, அதோட கயித்தை உன் கையிலயா கொடுத்திருக்காரு?” சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, “கோயில் கூட்டுறவளுக்கு நெனப்பப் பாரு” என்றார்.

படியில் எல்லோர் முன்னாலும் திட்டியதைவிட இது அவமானமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்தது. அத்தனை நாள் ஜெபத்திலும் நான் சொன்னதெல்லாம் என்னால், என் மணி, என் பாவம் என்பதுதான். அந்த மனிதருக்கு எங்கே வலிக்கிறது, மனதில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. கேட்பதற்குப் பயம். என்னைப் பற்றிப் பயப்படுவதற்கே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். “அப்ப ஏன் மாமா சாப்பிட மாட்டேங்கறீங்க?”

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழப் போனேன்.

“நீ வெளியில போயி பேசுறவ இல்ல. அதனால சொல்றேன்” என்றார். “மணி அடிச்சதும் ஊரே வந்துச்சு. வாசல்ல ஒவ்வொரு குரலாக் கேட்டுக்கிட்டே கெடந்தேன். அவன் குரல் வரலை.”

“யாரு மாமா?”

“எவன் வரணுமோ அவன். என் தம்பி.”

அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை என்பது ஊருக்கே தெரியும். ஏன் என்பதை அவர் சொல்லித்தான் முழுதாகக் கேட்டேன். பாகம் பிரித்தபோது வாய்க்காலின் தலைப்பில் இருந்த நிலத்தை அவர் எடுத்துக்கொண்டார். தம்பிக்குக் கடைசி நிலம். தண்ணீர் குறைந்த ஒரு வருஷம் தம்பியின் பயிர் கதிர் வாங்குகிற நேரத்தில் காய்ந்தது. ஒரு பொழுது மடையை விட்டுக்கொடு என்று வரப்பில் வந்து நின்று கேட்டிருக்கிறார்.

“நான் திரும்பிக்கூடப் பார்க்கலைம்மா. மடை மேல உட்கார்ந்து வெத்திலை போட்டுக்கிட்டிருந்தேன். அவன் கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டான். அதோட சரி.” நாக்கால் உதட்டை ஈரமாக்கிக்கொண்டார். “நான் செத்தாக்கூட வரமாட்டான்னு அன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் கஞ்சி என்ன, மருந்து என்ன. போதகரு அப்பத்தைக் கொண்டாந்து நீட்டுறாரு. இதை மனசுல வச்சிக்கிட்டு அதை எப்படி வாங்குறது? எனக்குப் பயமா இருக்கு.”

பயமாக இருக்கிறது என்று அந்தக் குரல் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த நாற்றங்கால் நினைவுக்கு வந்தது. அது அவருடைய தம்பியின் நாற்றங்கால். மண்வெட்டியை விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தவர் அவருடைய தம்பி.

உடனே பயமும் வந்தது. நிஜமாகப் பார்த்தேனா, இவரைத் தேற்றுவதற்காக நானே கற்பனை செய்துகொள்கிறேனா? ஏற்கெனவே சரியாகப் பார்க்காமல் ஒரு காரியம் செய்தவள். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். மண்வெட்டி தண்ணீரில் விழுந்தது. அவர் எடுக்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். பார்த்திருக்கிறேன். பார்த்தும் பார்க்காதவளாக இத்தனை நாள் இருந்திருக்கிறேன்.

“அவரு அழுதாருங்க மாமா” என்றேன்.

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலைங்க. அடிக்கையில மேட்டுலேருந்து பார்த்தேன். நாத்தங்கால் வரப்புல உட்கார்ந்துட்டாரு. துண்டை வாயில வச்சிக்கிட்டாரு. உடம்பு குலுங்குச்சு.”

“அங்கேருந்து என்ன தெரியும் உனக்கு?”

“நேர் கீழதானே மாமா இருக்கு.”

“என்னைச் சாப்பிட வைக்கப் பொய் சொல்றியா?”

“ஒரு தப்பைப் பண்ணிட்டே நிமிர முடியலை மாமா. இன்னொண்ணு என்னால தாங்காது.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது. அது அசைந்துகொண்டிருந்தது. நான் எழுவதா, இருப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மருமகள் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். அவர் திரும்பாமலே அவளிடம் கேட்டார்.

“காலையில வச்ச கஞ்சியில உப்புப் போட்டியா?”

அவள் என்னைப் பார்த்தாள். ஓடிப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு வாயும் தொண்டையில் இறங்குவதை நான் பயந்துகொண்டே பார்த்தேன். புரை ஏறிவிட்டால் என்ன செய்வது என்றுதான் நினைப்பு. பாதிக் கிண்ணம் குடித்தார்.

திரும்பி வரும்போது தெருக்கோடியில் அவர் தம்பி மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார்.

“மணிக்காரம்மா” என்று கூப்பிட்டார். அந்தப் பெயர் எனக்கு அந்த வாரம்தான் வந்திருந்தது. “அடுத்த தடவை அடிக்கிறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிவிடு. எனக்கு நெஞ்சு தாங்காது.”

நான் நின்றேன்.

“எப்படிக் கெடக்குறாரு?” என்று வைக்கோலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“இப்பத்தான் கஞ்சி குடிச்சாருங்க.” பிறகு, ஒளித்து வைத்தால் இன்னொரு பயம் சேரும் என்று சொல்லிவிட்டேன். “நீங்க அன்னிக்கு வரப்புல உட்கார்ந்து அழுததைச் சொன்னேங்க.”

அவர் முகம் கறுத்தது. “உன்னை யாரு சொல்லச் சொன்னா?”

வைக்கோல் கட்டைக் கீழே போட்டார். என்னிடம் இல்லாமல் மாட்டிடம் பேசுவது போலச் சொன்னார்.

“நான் அவருக்கு அன்னிக்கே அழுது முடிச்சிட்டேன். ஒரு ஆளுக்கு அழுது முடிச்சிட்டு, அப்புறம் அந்த ஆளு மூஞ்சியில போயி எப்படி முழிக்கிறது?”

வீட்டுக்கு வந்து, வீட்டுக்காரர் மூடி வைத்திருந்த தட்டைத் திறந்தேன். ஆறிய சோறு. சாப்பிட்டேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மறுநாளும் விடியற்காலையில் அந்த வீட்டுப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டுதான் எழுந்தேன். ஆனால் அன்று அவருக்காகப் பயந்தேன். அந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தது.

சில நாள் கழித்து அவரே போதகருக்குச் சொல்லி அனுப்பினார். நான் வழக்கம்போலத் திருவிருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போதகர் பின்னால் போனேன். வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தார். கன்றுக்குட்டியின் காதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், உண்ணி பார்க்க வந்தவர் மாதிரி. போதகர், “வாங்கய்யா” என்றார். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாங்கள் உள்ளே போன பிறகு செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அறைக்குள் வந்து, கதவை ஒட்டிச் சுவரில் சாய்ந்து நின்றார்.

அண்ணன் அவரைப் பார்த்தார். அந்த அறையில் யாராவது உரக்கக் கத்திவிடுவார்களோ என்று பயந்தேன். போதகர் பாவ அறிக்கை ஜெபத்தை ஆரம்பித்தார். நாங்கள் கூடச் சொன்னோம். கட்டிலிலிருந்து குரல் விட்டுவிட்டு வந்தது. ஓர் இடத்தில் நின்றுபோய், போதகர் காத்திருந்து, மறுபடி வந்தது. சுவர்ப்பக்கமிருந்து சத்தம் வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

அவர் அப்பத்தை வாங்கிக்கொண்டார். மருமகள் அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். போதகர் தம்பியிடம் போனபோது அவர் தலையை அசைத்துவிட்டார். “எனக்கு இன்னும் மனசு வரலைங்கய்யா” என்றார் மெதுவாக. போதகர் வற்புறுத்தவில்லை. மருமகளுக்குக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் ரசக் குப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீடுகளுக்குப் போகும்போது அதைப் பிடிப்பதுதான் என் வேலை.

“அதைக் கீழ வைங்கம்மா” என்றார்.

“நான் அப்புறமா, கோயில்ல...”

“கீழ வைங்க.”

வைத்தேன். முழங்காலில் நின்று இரண்டு கையையும் நீட்டினேன். நான் தகுதியாகிவிட்டேன் என்று தோன்றியதால் நீட்டவில்லை. அப்படி ஒரு நாள் வரும் என்று காத்திருந்தால் வராது என்பது கட்டிலில் கிடந்தவரைப் பார்த்துத் தெரிந்தது. அப்பம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஒன்றும் நடக்கவில்லை. கொல்லையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆசீர்வாதம் முடிந்து நான் கிண்ணத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“சம்பாவுக்கு என்ன நாத்து விட்டிருக்க?”

நான் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டேன்.

“என்னத்த விட்டு என்ன. தண்ணி வந்தாத்தானே” என்றார் தம்பி.

“வரும்.”

“எப்ப?”

“நடவுக்கு முன்னாடி மடையைத் திறந்துவிடச் சொல்றேன். நீ போயி நின்னு பாத்துக்க.”

“எனக்கு வேற வேலை இல்லையா” என்றார் தம்பி. ஆனால் போகவில்லை. சுவரிலிருந்து நகர்ந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். நாற்றின் உயரம், வாய்க்காலில் மண்டியிருக்கிற ஆகாயத்தாமரை, மோட்டார் ரிப்பேர் என்று பேச்சு தட்டுத்தடுமாறிப் போயிற்று. மருமகள் காபி போடப் போனாள். போதகர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பெட்டியை மூடிக் கொக்கியை மாட்டினேன். அந்த அறையில் என் மணியை யாரும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை.